தாத்தாவோட பழைய பிரேமைத் தூக்கிப் போடாதீங்க, நல்ல கூலிங் கிளாஸ் ஆக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏற ஆரம்பிச்சா வருஷா வருஷம் உங்க பேப்பர்ல கண் பாதுகாப்பு பத்தி ஒரு அரைப்பக்கம் வருது, நல்ல விஷயம்தான், ஆனா கடைசியில "வெளியே செல்லும்போது கூலிங் கிளாஸ் அணியுங்கள்"னு ஒரே வரியில முடிச்சுடுறீங்க. எந்த கூலிங் கிளாஸ், அதுல என்ன பாத்து வாங்கணும், ஏற்கனவே பவர் கண்ணாடி போடுறவங்க என்ன பண்றது, இது எதுவுமே அதுல இருக்காது. நான் கும்பகோணத்துல கண்ணாடிக் கடைகளுக்கு பிட்டிங் வேலை பாக்குறவன், அதாவது லென்ஸை பிரேம் அளவுக்குச் சாணை பிடிச்சு மாட்டிக் கொடுக்குறது என் தொழில். பல வருஷமா மனசுல இருக்குற ஒரு விஷயத்தை எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

நம்ம தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்துல எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் பீரோல ஒரு டிராயர் இருக்கும், அதுக்குள்ள பழைய சாவி, நின்னுபோன வாட்ச், ரேஷன் கார்டு இதுங்களோட ஒரு கண்ணாடிக் கூடு கண்டிப்பா கெடக்கும். திறந்தா உள்ள தாத்தாவோட ஷெல் பிரேமோ (பாக்க தடியான பிளாஸ்டிக் மாதிரி இருக்குமே, அது) ஆத்தாவோட தங்கக் கலர் பிரேமோ இருக்கும். லென்ஸ் கீறி மங்கியிருக்கும், மூக்குப் பேட் பச்சை புடிச்சிருக்கும், ஒரு பக்கம் காதுக் கம்பி ஆடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதைப் பழைய இரும்பு பேரீச்சம்பழக்காரர்கிட்ட தூக்கிப் போட்டுட்டு, அதே வீட்டுப் பையன் பஸ் ஸ்டாண்டு வாசல்ல 150 ரூபா கொடுத்து ஒரு கருப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிறான். பத்து தடவை மடக்கி விரிச்சா அதோட கீல் புட்டுக்கும். அந்தப் பழைய பிரேம்ல புதுசா டின்ட் லென்ஸ், அதாவது சாயம் ஏத்தின லென்ஸ், போட்டிருந்தா அவன் பேரன் காலம் வரைக்கும் வந்திருக்கும் சார், நான் சும்மா சொல்லல.

ஏன்னா அந்தக் காலத்து பிரேம் செஞ்ச விதமே வேற. இப்ப தெருவுல விக்கிற பிரேம் உருக்கின பிளாஸ்டிக்கை அச்சுல ஊத்தி எடுக்குறது, அழுத்தினா உடையும், அட்ஜஸ்ட் பண்ணவும் முடியாது. பழைய ஷெல் பிரேம் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட், பருத்திப் பஞ்சுலேர்ந்தும் மரக்கூழ்லேர்ந்தும் வர்ற பொருளு, அதைப் பலகையா பண்ணி அதுலேர்ந்து வெட்டி, தேச்சு, பாலிஷ் பண்ணி எடுப்பாங்க. கீலை உள்ள ஆணி அடிச்சு இறுக்கியிருப்பாங்க, முன்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் சின்னதா ரெண்டு மூணு புள்ளி தெரியும் பாருங்க, அது அழகுக்கு மட்டும் வச்சது இல்ல, நிறைய பிரேம்ல அந்த ஆணியோட தலைதான். கலரும் மேல பூசுனது கெடையாது, பலகைக்குள்ளயே ஓடுறது, அதனால மேல கீறல் விழுந்தா தேச்சு எடுத்துடலாம், கலர் போகாது.

மெட்டல் பிரேமா இருந்தா காதுக் கம்பிக்கு உள்பக்கமோ மூக்குப் பாலத்துக்குப் பின்னாடியோ பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. 1/10 12கே ஜிஎஃப்னு சின்ன எழுத்துல அடிச்சிருந்தா அது தங்கத் தகடு ஏத்தின பிரேம், எடையில பத்துல ஒரு பங்கு 12 கேரட் தங்கம்னு அர்த்தம். முலாம் மாதிரி நாலு வருஷத்துல உரிஞ்சு போகாது. கம்பி உடைஞ்சிருந்தாலும் பயப்பட வேண்டாம், லென்ஸைக் கழட்டிட்டு பத்தர்கிட்ட கொடுத்தா பொடி வச்சு ஊதிக் கொடுத்துடுவாரு, கும்பகோணத்துல இதை அழகா பண்றவங்க இன்னும் இருக்காங்க.

சிலபேரு கூச்சப்படுறாங்க, செத்தவங்க கண்ணாடியைப் போய் போடலாமான்னு. அந்த உணர்வை நான் மதிக்கிறேன், ஆனா அவரு மோதிரத்தைப் போடுறோம், வாட்சைக் கட்டுறோம், அவரு சைக்கிளை ஓட்டுறோம். அவரு பார்வைக்குன்னு போட்ட லென்ஸைத்தான் கழட்டிடப் போறோமே, அந்த லென்ஸை வேணும்னா ஒரு துணியில சுத்தி பத்திரமா வச்சுக்கலாம், பிரேம் மட்டும் வெளியில வரட்டும்.

போன வருஷம் மன்னார்குடிலேர்ந்து ஒரு தம்பி வந்தான், தாத்தா பள்ளிக்கூட வாத்தியாராம், அவரோட பிரேம் ஒண்ணு கொண்டு வந்தான், தடிமனான பழுப்பு ஷெல் பிரேம், மேல பூரா வெள்ளையா பூத்திருந்துச்சு. ரெண்டு கடையில "இது தேறாது தம்பி, புதுசு எடுத்துக்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். அந்த வெள்ளைப் பூப்பு வேற ஒண்ணும் இல்ல, அசிடேட்டை வளைஞ்சு கொடுக்க வைக்கிறதுக்காகச் சேத்த பொருளு வருஷம் ஆக ஆக மேல கசிஞ்சு வர்றதும் அதோட வேர்வையும் எண்ணெயும் சேந்து படியறதும்தான். முதல்ல இளஞ்சூட்டுத் தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ் வச்சு கீல் இடுக்கு வரைக்கும் தேச்சேன், அப்புறம் காஞ்சதும் ரொம்ப சன்னமான வாட்டர் பேப்பர்ல லேசா ஒரு தடவை, அப்புறம் துணிச் சக்கரத்துல பாலிஷ். பழுப்புக்குள்ள தேன் கலர்ல வரி வரியா ஓடுறது அப்பதான் வெளியில தெரிஞ்சுது, அந்தத் தம்பி "இந்தக் கலர்ல தாத்தா போட்டு நான் பாத்ததே இல்லண்ணே"ன்னான். கீல்ல ஸ்க்ரூ மரை தேஞ்சு போயிருந்துச்சு, ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூவுக்கு புதுசா மரை போட்டு இறுக்கினேன். அளவு பிரேம்லயே போட்டிருந்துச்சு, 50, ஒரு சின்னச் சதுரம், அப்புறம் 20. முதல் நம்பர் லென்ஸோட அகலம், ரெண்டாவது நடுவுல மூக்குக்கு விடுற இடைவெளி, ரெண்டும் மில்லிமீட்டர்ல. இந்த ரெண்டு நம்பர் தெரிஞ்சாலே தன் முகத்துக்கு அந்த பிரேம் ஒத்துவருமான்னு இப்ப போடுற கண்ணாடியோட ஒப்பிட்டு வீட்டுலயே பாத்துக்கலாம்.

எல்லா பிரேமும் தேறாதுங்கிறதையும் சொல்லியாகணும். மூந்து பாத்தா வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடிச்சா அசிடேட் உள்ளுக்குள்ளயே சிதைய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், சூடு காட்டினா விரிசல் விட்டு உடைஞ்சுடும், அதை ஞாபகத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க, மத்த பிரேம்களோட ஒரே டப்பாவுல வைக்காதீங்க. கட்டைவிரலால வேகமா தேச்சு மூந்தா சூடம் வாசனை வருதா? அப்ப அது அசிடேட்டுக்கும் முந்தின செல்லுலாய்டு, அதுல சூடம் நெசமாவே கலந்திருக்கு. அந்தக் காலத்து சினிமா பிலிம் சுருளும் இதே பொருள்தான், நெருப்பு பட்டா குப்புன்னு புடிச்சுக்கும். நெசமான ஆமை ஓட்டுல செஞ்ச பிரேம் உங்க வீட்டுல இருந்தா அதை விக்கவோ வாங்கவோ போகாதீங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல கடல் ஆமை வருது, வெறும் ஆமை ஓடு டிசைன் அசிடேட்டா இருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல.

இங்க ஒரு ஆதங்கத்தையும் கொட்டிடுறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, வீட்டுக்காரரோட பிரேமை லென்ஸ் மாத்தக் கொண்டுபோய் ஒரு கடையில கொடுத்தாங்க, ஊரு பேரு கடை பேரு வேண்டாம். அங்க வேலை பாத்த பையன் லைட்டரைக் கொளுத்தி நேரா பிரேமுக்கு அடியில காட்டியிருக்கான், மூக்குப் பக்கம் பொங்கி கருகிப் போச்சு. அந்தம்மா அழுதுகிட்டே என்கிட்ட கொண்டு வந்தாங்க, என்னால ஒண்ணும் செய்ய முடியல. பிரேமைச் சூடு பண்ண ஹீட்டர்னே ஒரு சின்ன மிஷின் இருக்கு, சூடான காத்து வரும், இல்லாட்டி பழைய முறையில சட்டியில உப்பைச் சூடு பண்ணி அதுக்குள்ள பிரேமைப் பொதைச்சு எடுப்பாங்க. அசிடேட்டுக்கு அறுபது எழுபது டிகிரி சூடு போதும், கையில புடிச்சா சுடும் ஆனா பொறுத்துக்கலாம்ங்கிற பதம், அப்ப வளைச்சா மெதுவா இணங்கி வரும், லென்ஸை வச்சு அழுத்தி குளிர்ந்த தண்ணியில முக்கினா கப்புன்னு புடிச்சுக்கும். பழைய பிரேமுக்கு இந்தச் சூட்டையும் அவசரப்படாம நிதானமா ஏத்தணும். உங்க பிரேமைக் கொடுக்கும்போது "எதுல சூடு பண்ணுவீங்க"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, கோவிச்சுக்கிட்டா வேற கடை பாருங்க.

இனி லென்ஸ். பழைய பிரேம்ல இருக்குறது பெரும்பாலும் கண்ணாடி லென்ஸ், அதைச் சாயத்துல முக்கிக் கலர் ஏத்த முடியாது. நம்ம பக்கம் ஃபைபர் லென்ஸ்னு சொல்றோமே, அதுக்கு கம்பெனிப் பேரு சிஆர்-39, அதுதான் டின்ட்டுக்கு ஏத்தது, எடையும் கண்ணாடியில பாதிதான் வரும், மூக்குல தழும்பு விழாது. சாயம் கலந்த தண்ணியைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல சூடு பண்ணி லென்ஸை அதுல முக்கி வைப்பாங்க, நேரம் ஆக ஆக கலர் உள்ள இறங்கும், நடுநடுவுல எடுத்து வெள்ளைப் பேப்பர் மேல வச்சு சாம்பிளோட ஒத்துப் பாத்து மறுபடி முக்குவாங்க. மேல டார்க்கா கீழ லைட்டா வேணும்னா லென்ஸைத் தலைகீழா மாட்டி சீரா ஏத்தி இறக்கிகிட்டே இருக்கணும், நிறுத்தினா கோடு விழுந்துடும். கலர் அதிகமாயிட்டா அதை எடுக்குற மருந்தும் உண்டு. ஏற்கனவே ஆன்டி-க்ளேர் கோட்டிங் போட்ட லென்ஸ்ல சாயம் ஏறாது, அதனால முதல்ல டின்ட், அப்புறம்தான் கோட்டிங், ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிடணும். எங்க பக்கத்துக் கடைங்க இதை திருச்சிக்கோ சென்னைக்கோ லேபுக்கு அனுப்பி வாங்குறாங்க, கொஞ்ச நாள் பொறுக்கணும். உங்க பவரையே இதுல போடலாம், கிட்டத்துல படிக்கிற பவரையும் சேத்து பைஃபோகலாவும் போடலாம், இதுதான் தெருக் கண்ணாடியில கிடைக்கவே கிடைக்காத விஷயம். பவர் போடுறவங்க வெயில்ல பவர் கண்ணாடியைக் கழட்டிட்டு கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு பைக் ஓட்டுறதைப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது.

வெயில்ல தானா கருக்குற போட்டோக்ரோமிக் லென்ஸ் போட்டாப் போதாதான்னு நிறையபேரு கேக்குறாங்க. அந்த லென்ஸ் சூடு அதிகமா இருந்தா முழுசா கருக்காது, குளிர் ஊருலதான் நல்லா கருக்கும், கார் கண்ணாடிக்கு உள்ள உக்காந்திருந்தா அந்த லென்ஸைக் கருக்க வைக்கிற யுவி கதிர் (புற ஊதாக் கதிர்) குறைவா வர்றதால இன்னும் வெளுப்பாத்தான் இருக்கும். நம்ம சித்திரை வெயிலுக்கு தனியா ஒரு டின்ட் கண்ணாடி இருக்குறதுதான் சரி.

இப்ப நான் சொல்றதைத் தயவுசெஞ்சு பெரிய எழுத்துல போடுங்க சார். கருப்பா இருக்குறதும் கண்ணைக் காப்பாத்துறதும் வேற வேற. கண்ணுக்குக் கெடுதல் பண்றது வெயிலோட யுவி, அது கண்ணுக்கே தெரியாது, லென்ஸ் எவ்வளவு கருப்புன்னு பாத்து அதைச் சொல்ல முடியாது. யுவி தடுப்பு இல்லாத கருப்பு லென்ஸ் போட்டா உள்ள இருட்டா இருக்குன்னு கண்ணுமணி பெருசா விரியும், கண்ணைச் சுருக்குறதையும் விட்டுடுவோம், அப்ப சும்மா வெறுங்கண்ணோட போறதைவிட அதிகமா யுவி உள்ள போறதுக்கு வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகுது. சாதா ஃபைபர் லென்ஸ் கொஞ்ச தூரம் வரைக்கும்தான் யுவியைத் தடுக்கும், 400 நானோமீட்டர் (அது கதிரோட அலை நீளத்தைச் சொல்ற அளவு) வரைக்கும் முழுசா தடுக்கணும்னா அதுக்குன்னு தனியா யுவி400 லென்ஸ் கேட்டு வாங்கணும், இல்லேன்னா டின்ட் பண்ணும்போதே அந்த யுவி மருந்துலயும் முக்கி எடுக்கணும். விலை வித்தியாசம் ரொம்ப இல்ல, ஆனா கேக்காட்டி போட மாட்டாங்க.

வீட்டுலயே ஒரு சோதனை பண்ணலாம். கள்ள நோட்டு பாக்குற யுவி டார்ச் இருக்கே, அதுல 365 நானோமீட்டர்னு போட்டதா ஒண்ணு கடையில இருந்தா வாங்கி, இருட்டு ரூம்ல ஒரு ரூபா நோட்டு நம்பர் மேல அடிங்க, நம்பர் பளீர்னு ஒளிரும். இப்ப டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவுல உங்க லென்ஸைப் பிடிங்க. ஒளிர்றது சுத்தமா அடங்கினா லென்ஸ் பரவாயில்ல, மினுமினுன்னு தெரிஞ்சுகிட்டே இருந்தா கடைக்காரர்கிட்ட திருப்பிக் கொடுங்க. இது ஒரு மேலோட்டமான சோதனைதான், சரியான அளவு வேணும்னா சில கடையில யுவி மீட்டரே இருக்கு, அதுல வச்சுக் காட்டச் சொல்லலாம். டார்ச்சைக் கண்ணுல மட்டும் அடிச்சுடாதீங்க, புள்ளைங்க கையில கொடுக்காதீங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இதுல இருக்கு. தஞ்சாவூர் பக்கத்துல வல்லத்துல கிடைக்கிற படிகக் கல்லை வெட்டி சாணை பிடிச்சு மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் போட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு, வல்லம் கல்லுன்னே அதுக்குப் பேரு. பழைய குடும்பங்கள்ல இன்னும் அந்த மாதிரி கல் கண்ணாடி ஒண்ணு ரெண்டு கெடக்கு, என் கைக்கே வந்திருக்கு. கன்னத்துல வச்சா ஜில்லுனு இருக்கும், சாதா கண்ணாடியைவிடக் கடினம், சுலபத்துல கீறல் விழாது. கண்ணுக்குக் குளிர்ச்சின்னு பெரியவங்க ஆசையா போட்டாங்க. ஆனா அந்தப் படிகம் யுவியைத் தடுக்காது சார், சாதா கண்ணாடி தடுக்குற அளவுகூட தடுக்காது, அப்படியே உள்ள விட்டுடும். தொட்டா ஜில்லுனு இருக்குறதை நம்பி வெயில்ல போடக்கூடாது. உங்க வீட்டுல இருக்குறது கல்லா கண்ணாடியான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி சொல்றேன், ரெண்டு போலரைஸ்டு கூலிங் கிளாஸை (கூசல் வெளிச்சத்தைத் தடுக்குற வகை, கீழ சொல்றேன்) ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, ஒண்ணை மட்டும் திருப்பினா ஒரு கட்டத்துல ரெண்டும் சேந்து கருப்பா அடைச்சுக்கும். அந்த நெலமையில நடுவுல பழைய லென்ஸைச் சொருகி, அதை மட்டும் மெதுவா திருப்பிப் பாருங்க. கண்ணாடியா இருந்தா இருட்டு இருட்டாவே இருக்கும், படிகமா இருந்தா லென்ஸ் இருக்குற இடம் மட்டும் வெளிச்சமாகும், சில சமயம் கலர் கூட தெரியும். அப்படி வெளிச்சமானா தயவுசெஞ்சு அந்த லென்ஸை எந்தக் கடையிலயும் விட்டுட்டு வராதீங்க. கழட்டி, பஞ்சுல சுத்தி, பேரு எழுதி வச்சுக்கோங்க. அந்த லென்ஸ் நம்ம மாவட்டத்தோட கைவேலை.

போலரைஸ்டுன்னு சொன்னேன்ல, நம்ம டெல்டாவுக்கு அதைவிடப் பொருத்தமான லென்ஸ் கெடையாது. மேட்டூர் தண்ணி வந்ததும் வயல் பூரா கட்டி நிக்கும், குறுவை நடவு நடக்கும், நடவுக்காரம்மாங்க காலைலேர்ந்து குனிஞ்ச தலை நிமிராம நிக்கிறாங்க, மேலேர்ந்து அடிக்கிற வெயிலு ஒண்ணுன்னா தண்ணியில பட்டுத் திரும்பி மூஞ்சிக்கு நேரா அடிக்கிறது இன்னொண்ணு. தலைத்துண்டு மேல வர்ற வெயிலை மறைக்கும், கீழேர்ந்து வர்றதை என்ன பண்ணும்? அப்படித் தண்ணி மேலேர்ந்து தெறிக்கிற கூசல் வெளிச்சம் பெரும்பாலும் படுக்கை வாட்டத்துலதான் வரும், போலரைஸ்டு லென்ஸ் அந்த வாட்டத்தை மட்டும் தடுத்துடும். போட்டுக்கிட்டு வயல்ல நின்னா தண்ணிக்கு அடியில கெடக்குற நத்தை ஓடு கூடத் தெரியும். பிட்டிங் பண்றவங்களுக்கு இதுல ஒரு பொறுப்பு இருக்கு, லென்ஸோட படுக்கைக் கோட்டைக் குறிச்சுக்கிட்டுத்தான் சாணை பிடிக்கணும், கொஞ்சம் சாஞ்சு மாட்டிட்டா அந்தப் பலன் கொறைஞ்சுடும். செல்போன் ஸ்க்ரீன் சில கோணத்துல கருப்பா தெரியும், போன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க, திருப்பிப் பிடிச்சா தெரியும்.

வயலைவிட மோசம் வேதாரண்யம் உப்பளம். தரையும் வெள்ளை, குவியலும் வெள்ளை, பாத்தியில நிக்கிற தண்ணியும் பளபளன்னு, நான் அங்க போனப்ப கொஞ்ச நேரத்துலயே கண்ணுல தண்ணி கொட்டிச்சு, அவங்க நாள் பூரா வாரிகிட்டு நிக்கிறாங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு தென்னை மாமரம் எல்லாம் சாஞ்சதுல அந்தப் பக்கம் ஒதுங்கி நிக்கக்கூட நிழல் கொறைஞ்சு போச்சு. வருஷக் கணக்கா வெயில்ல நிக்கிறவங்களுக்கு மூக்குப் பக்கத்து வெள்ளை விழியிலேர்ந்து சதை மாதிரி வளந்து கருவிழி மேல ஏறும், டாக்டருங்க டெரிஜியம்னு சொல்வாங்க, யுவிதான் அதுக்கு முக்கியக் காரணம்னு சொல்றாங்க, கண்புரை சீக்கிரம் வர்றதுக்கும் அதுல பங்கு இருக்கு. நம்ம ஊரு கண் முகாம் வரிசையில நின்னு பாத்தா இந்தச் சதை வளந்தவங்க எத்தனை பேருன்னு தெரியும். ஆபரேஷன் பண்ணின அப்புறம் ஒரு கருப்புக் கண்ணாடி கொடுத்து அனுப்புறாங்க, அதுக்கு முன்னாடி இருபது முப்பது வருஷம் வெயில்ல நின்னப்ப யாரும் ஒண்ணும் கொடுக்கல.

இளவட்டங்க வந்து "கலைஞர் கண்ணாடி மாதிரி போட்டுக் கொடுங்க", "எம்ஜிஆர் மாதிரி வேணும்"னு கேக்குறாங்க, எனக்கு அதுல சந்தோஷம்தான், கலைஞர் நம்ம திருக்குவளைக்காரர், அந்தத் தடித்த கருப்பு பிரேம் இந்த மண்ணுல எல்லார் மனசுலயும் இருக்கு. ஆனா கருப்பு எவ்வளவு வேணும்னு யோசிச்சு சொல்லணும். வெளிச்சத்துல நூத்துக்கு 8லேர்ந்து 18 வரைக்கும் உள்ள விடுறது மூணாம் நம்பர் டின்ட், நம்ம வெயிலுக்கு அது போதும். 8க்கும் கீழ போனா நாலாம் நம்பர், அதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டவே கூடாது. சாம்பல் கலர்ல எல்லாக் கலரும் உள்ளபடி தெரியும், பிரவுன்ல மேடு பள்ளம் கொஞ்சம் தெளிவா தெரியும், பைக்ல போறவங்களுக்கு நான் பிரவுன்தான் சொல்வேன். ரே-பான் பச்சைன்னு எல்லாரும் கேக்குறது ஜி-15, 15ங்கிறது அது உள்ள விடுற வெளிச்சத்தோட அளவு. பொழுது சாஞ்சா எந்த டின்ட்டா இருந்தாலும் கழட்டிடுங்க, ராத்திரி கூலிங் கிளாஸ் போட்டு ஈசிஆர்ல வண்டி ஓட்டுற பசங்களைப் பெத்தவங்க கண்டிக்கணும். பிரேமைப் பொறுத்தவரைக்கும் ரொம்பச் சின்ன வட்ட பிரேம் வெயிலுக்கு ஆகாது, சைடுலேர்ந்தும் மேலேர்ந்தும் வெளிச்சம் உள்ள வந்துடும், எழுபதுகள்ல அம்மாக்களும் அத்தைகளும் போட்டாங்களே கன்னம் வரைக்கும் வர்ற பெரிய பிரேம், அதுதான் அருமையான கூலிங் கிளாஸ் ஆகும். மைனஸ் பவர் அதிகமா இருக்குறவங்களுக்கு மட்டும் பெரிய பிரேம்ல ஓரம் தடிமனா வரும், அவங்க நடுத்தர அளவு எடுத்துக்கலாம்.

ஊருக்குள்ள பழைய கண்ணாடிக் கடைங்கள்லயும் விக்காம தங்கிப்போன பிரேம் டப்பா டப்பாவா இருக்கு, எனக்குத் தெரியும், பரண்ல தூசி படிஞ்சு கெடக்கு, ஒருத்தர் மூஞ்சியிலயும் ஏறாத புது பிரேம். அந்தக் கடை முதலாளிங்களுக்கு உங்க பேப்பர் வழியா நான் கேட்டுக்குறேன், அதைக் கிலோ கணக்குல பிளாஸ்டிக்காரனுக்குப் போடாதீங்க. வாடிக்கையாளர் பழைய பிரேமோட வந்தா "தேறாது"ன்னு பாக்காமலே சொல்லாதீங்க, புது பிரேம் வித்தா லாபம் அதிகம்னு எனக்கும் தெரியும், ஆனா லென்ஸ், டின்ட், பிட்டிங் கூலி இதுலயும் கடைக்கு நியாயமான காசு நிக்குது. டின்ட் லென்ஸ் போட்டுக் கொடுக்குறப்ப பில்லுல யுவி400ன்னும் எத்தனாவது நம்பர் டின்ட்டுன்னும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, எழுதிக் கொடுக்க மனசு வரலேன்னா அந்த லென்ஸை விக்காதீங்க.

இன்னொண்ணு, இது கண் முகாம் நடத்துற சங்கங்களுக்கும் பஞ்சாயத்துத் தலைவருங்களுக்கும். முகாம் நடக்குற அன்னிக்கு வாசல்ல ஒரு பெட்டி வைங்க, வீட்டுல சும்மா கெடக்குற பிரேமை ஜனங்க கொண்டுவந்து போடட்டும். தேறுறதைப் பிரிச்சு எடுத்து, கழுவி, கீல் சரி பண்ணி, பவர் இல்லாத யுவி400 டின்ட் லென்ஸ் போட்டு நடவுக்காரங்களுக்கும் உப்பளத்துல வேலை பாக்குறவங்களுக்கும் கொடுக்கலாம். பிரேம் காசு மிச்சமாகுறதால லென்ஸுக்கு மட்டும்தான் செலவு. கயிறு ஒண்ணு கட்டிக் கொடுக்கணும், குனிஞ்சு வேலை பாக்குறப்ப சேத்துல விழாம இருக்கும். பொம்பளைங்க வயல்ல கூலிங் கிளாஸ் போட்டா ஊருல சிரிப்பாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு, நாலு பேரு சேந்து போட்டா அந்தச் சிரிப்பு நின்னுடும், மொதல்ல தலைவரு வீட்டம்மா போட்டுக்கட்டும். பிட்டிங் வேலையை நான் கூலி வாங்காம செஞ்சு தர்றேன், கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் பக்கத்துல எங்க முகாம் வச்சாலும் என் சாணையைத் தூக்கிக்கிட்டு வந்துடுறேன். என் விலாசமும் போன் நம்பரும் இந்தக் கடிதத்தோட தனித்தாள்ல வச்சிருக்கேன், அச்சுல போட வேண்டாம், யாராவது பெட்டி வைக்கிறோம்னு உங்க ஆபீஸுக்கு எழுதினா அவங்களுக்கு மட்டும் கொடுங்க.

இப்படிக்கு,
ஒரு பிட்டிங் தொழிலாளி,
கும்பகோணம்.